பாடினவனுடைய பங்கு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் என்னை ஓரமாக அழைத்தார். கல்லூரியில் படிக்கும் தம் மகன் இரவும் பகலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான் என்றும், அதைக் குறித்து நான் ஒரு நாள் கண்டிப்பாய்ப் பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். "இந்தப் பாட்டு வியாபாரத்தில் என்ன ஐயா நல்லது இருக்கிறது?" என்றார். பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த அம்மா எதிர்பார்க்கிற பேச்சு இதுவாக இராது.

அவர் மனதில் இருந்தது பாட்டின் வார்த்தைகள். குடியையும் இச்சையையும் கொண்டாடும் வரிகளைப் பற்றிப் போதகர்களாகிய நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம், இனியும் பிரசங்கிப்போம். அது தேவையானதே. என்றாலும், வேதத்தில் இசைக்காரரைக் குறித்து எழுந்த ஒரு பெரிய விசாரணையை நெகேமியா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது, நாம் ஒரு பாதியை மட்டுமே பிரசங்கித்து மறுபாதியை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெகேமியா ராஜாவினிடத்தில் போயிருந்து எருசலேமுக்குத் திரும்பி வருகிறார். தசமபாகமும் காணிக்கையும் வைக்கப்பட்டிருந்த பெரிய அறை, தொபியா என்கிற செல்வாக்குள்ள மனிதனுக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். அவனுடைய தட்டுமுட்டுகளை வெளியே எறிந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இன்னொரு காரியம் அவருக்குத் தெரியவருகிறது. லேவியருக்கும் பாடகருக்கும் உரிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் ஆலயத்தை விட்டுத் தங்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். பாடகர் எங்கே போனார்கள், ஏன் பக்தியில் குறைந்தார்கள் என்று நெகேமியா அவர்கள்மேல் கோபப்படவில்லை. அதிகாரிகளைக் கூப்பிட்டு வழக்காடுகிறார். பாட்டு நின்றுபோனதற்குக் காரணம் பாடினவனுடைய பங்கை வைக்கவேண்டிய அறையில் பெரிய மனிதனின் சாமான்கள் கிடந்ததுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இசை வியாபாரத்தின் நோய் இன்னதென்று இந்த அதிகாரம் எனக்குக் காட்டியது. அதே நோயைச் சதையும் இரத்தமுமாய்க் காட்டியது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாலமன் லிண்டா என்பவரின் வாழ்க்கை.

அவர் 1909இல் நேட்டால் பகுதியில் பிறந்த சூலு இனத்தவர். மிஷன் பள்ளியில் படித்தவர். ஞானப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த செவி அவருடையது. பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு வந்து, ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் அமர்ந்தார். 1939இல் தம் குழுவினரோடு அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறையில் "எம்பூபே" என்ற பாட்டைப் பாடினார். சூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். பாடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஓர் இராகம் புதிதாய்ப் பிறந்தது; அது தட்டில் பதிந்தது. அந்தப் பாட்டின் உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்தத் தட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் பீட் சீகர் என்னும் நாட்டுப்பாடகரின் கையில் சேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் அவருடைய வீவர்ஸ் குழு அதைப் பாடிப் புகழ்பெற்றது. பதிப்பகத்தார் அதைப் பதிவு செய்தபோது போட்ட பெயர் பால் கேம்ப்பெல். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. ஆசிரியர் இல்லாத நாட்டுப்பாடல் என்று கருதியவற்றின் வருமானத்தைச் சேர்க்க உண்டாக்கப்பட்ட கற்பனைப் பெயர் அது. 1961இல் ஆங்கில வரிகள் சேர்க்கப்பட்டு, டோக்கன்ஸ் என்ற குழு "தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்" என்று பாடியது. அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. உங்கள் பிள்ளைகளும் அதை அறிவார்கள். 1994இல் வந்த லயன் கிங் திரைப்படத்தில் காட்டுப்பன்றியும் கீரியும் பாடிக்கொண்டு போவது அதுதான்.

சாலமன் லிண்டா 1962இல் சிறுநீரக நோயால் மரித்தார். வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை. மனைவியால் கல்லறைக்கு ஒரு கல் வைக்க முடியவில்லை. 18 ஆண்டுகள் கழித்தே அந்தக் கல்லறையில் கல் நின்றது. அந்தக் காலமெல்லாம் உலகத்தின் ஏதோ ஒரு வானொலியில் அவருடைய இராகம் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும்.

இந்தக் கதையை ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் 2000ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விரிவாக எழுதினார். 2004இல் லிண்டாவின் பெண்மக்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. அதற்குக் கைகொடுத்த சட்டம் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம். படைத்தவன் தன் உரிமையை விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டுகள் ஆனபின் அது அவனுடைய வாரிசுகளிடம் திரும்பவேண்டும் என்பது அதிலிருந்த ஒரு விதி. இதை வாசித்தபோது லேவியராகமம் 25ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. வறுமையினால் விற்ற காணியாட்சி யூபிலி வருஷத்தில் விற்றவனுடைய வீட்டாரிடம் திரும்புகிறதல்லவா? பசியில் இடப்படும் கையெழுத்து என்றென்றைக்குமான கையெழுத்தாய் இருக்கலாகாது என்பதைத் தேவன் அறிந்திருந்தார். 2006இல் சமரசம் ஏற்பட்டது. லிண்டாவின் பெயர் அந்தப் பாட்டை இயற்றியவர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டது. குடும்பத்துக்குப் பங்கும் கிடைத்தது. அவர் மரித்து 43 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

சீகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஏழைகளுக்காகவும் கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் ஆயுள் முழுவதும் நின்றவர். அவரும்கூட அந்தப் பாட்டின் பணம் எங்கே போகிறது என்று உரிய காலத்தில் கவனித்துப் பார்க்கவில்லை. எனக்கு அதிக அச்சம் தருவது இந்தப் பகுதிதான்.

இதெல்லாம் வெள்ளையர் ஆண்ட காலத்துக் கதை என்று தள்ளிவிடவேண்டாம். இன்றும் புதிய பாடகனுக்கு நிறுவனம் முன்பணம் கொடுக்கிறது. ஒலிப்பதிவுச் செலவும் விளம்பரச் செலவில் ஒரு பங்கும் அவன் கணக்கிலேயே ஏறுகின்றன. கடன் தீரும்வரை அவனுக்கு வருமானம் இல்லை. தீர்ந்த பிறகும் பெரும்பாலும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் கணக்குத் தீராமல் தவித்த குடும்பங்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. செல்போனில் கேட்கும் சேவைகளிலும் பெரும்பாலும், நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்ட பாடகனுக்கு நேராய்ப் போவதில்லை. எல்லாம் ஒரே குவியலாய்ச் சேர்ந்து, மொத்தத்தில் அதிகம் கேட்கப்பட்டவர்களுக்கு அதிகமாய்ப் பிரிகிறது. ஸ்பாட்டிஃபை நிறுவனமோ, ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாய்க் கேட்கப்பட்ட ஒலிப்பதிவுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று 2024 முதல் விதித்திருக்கிறது. விதவையின் இரண்டு காசை எண்ணிப் பார்த்தவர் நம் ஆண்டவர்.

நம் தேசத்தில் 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், படம் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது தமக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அது காவல் செய்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக வாதாடினார். ஏசா பசியோடு வந்து நிற்கையில் கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை எழுதி வாங்குவதைத் தடுக்கும் சட்டம் என்றே நான் அதைச் சொல்லுவேன்.

இனி அந்தத் தாயாருக்கு ஒன்று சொல்லி, பிறகு என்னிடத்துக்கு வருகிறேன். அம்மா, மகனோடு ஒரு மாலை உட்கார்ந்து அவன் கேட்கும் பாட்டைக் கேளுங்கள். இதை எழுதினவர் யார், மெட்டமைத்தவர் யார், அவர்கள் எப்படி ஜீவிக்கிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள். வார்த்தைகளில் கெடுதல் இருந்தால் அதையும் பேசுங்கள். முதல் கேள்விக்கு அவனும் பதில் அறியாதவனாய் இருக்கக்கூடும்.

நான் அறிந்தவனாய் இருந்தேனா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கட்டட நிதிக்காக நம் சபையின் சார்பில் ஒரு பாடல் குறுந்தகடு வெளியிட்டோம். அதிலிருந்த எட்டுப் பாடல்களில் இரண்டு, ஓய்வு பெற்றுவிட்ட நம் உபதேசியார் எழுதியவை. உறையில் என் படம் இருந்தது. கமிட்டி அங்கத்தினர் பெயர்கள் இருந்தன. செலவை ஏற்றுக்கொண்ட வியாபாரியின் பெயரும் கடையின் முகவரியும் இருந்தன. பாட்டு எழுதினவரின் பெயர் இல்லை. "சபைப் பாடற்குழு" என்று அச்சிட்டிருந்தோம். பிழை திருத்திக் கொடுத்தவன் நான். வெளியீட்டு நாளில் உபதேசியார் வரிசையில் நின்று, சொந்தப் பணம் கொடுத்து இரண்டு தகடுகள் வாங்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன். சிரித்துக் கைகொடுத்தேன். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது வாலிபர் ஐக்கியத்தார் அந்தப் பாடல்களைப் புதிய இசையோடு யூடியூபில் வெளியிட அனுமதி கேட்டபோதுதான் இவை எல்லாம் திரும்பி வந்தன. கமிட்டியில் ஒருவர், "ஊழியத்துக்குத்தானே, ஐயா" என்றார். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி ஆண்டவர் மத்தேயு 10இல் சொன்னதையும் நினைப்பூட்டினார். அதே இடத்தில் இரண்டு வசனம் தள்ளி, வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே என்றேன். ஆராதனையில் பாடுவதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. பதிவுசெய்து விற்பதற்கு அந்த விலக்கு இல்லை. எழுதினவர் மரித்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துடையது. சட்டம் இதைச் சொல்லித்தான் நாம் செய்யவேண்டியிருக்கிறது என்பது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

கடந்த செவ்வாயன்று உபதேசியாரின் மனைவியைப் பார்க்கப் போனேன். உறையில் நேர்ந்த தவற்றை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டேன். விற்பனையில் உரிய பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்கக் கமிட்டி ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். அம்மா பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பி கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து, "இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லை எல்லாரும் மாற்றிப் பாடுறீங்க, ஐயா. அவங்க எழுதினது அது இல்ல" என்றார்கள். பன்னிரண்டு வருஷமாய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவர்கள் மௌனமாய் இருந்திருக்கிறார்கள். நோட்டைத் திறந்து காட்டினார்கள். அவருடைய கையெழுத்தில் சரியான சொல் இருந்தது. தகட்டில் உள்ளதைவிட அதுவே நல்ல சொல்.

வரும் ஞாயிறு அந்தப் பாட்டை அவர் எழுதினபடியே பாடுவோம்; ஆராதனைத் தாளில் பாட்டின் கீழே அவர் பெயர் இருக்கும். தகட்டின் ஐந்தாம் பாடலுக்கு மெட்டமைத்தவர் யாரென்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. சபையின் மூத்தவர்களில் அறிந்தவர்கள் இருந்தால், ஆராதனைக்குப் பின் என்னிடமோ பாடற்குழுத் தலைவரிடமோ தயவாய்த் தெரிவியுங்கள்.