விடுமுறை நாட்கள் நீங்கலாக

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றால் பெங்களூர் மர்பி டவுனில் இரண்டு காரியங்கள் நடக்கும். முதலாவது, இரண்டு மூன்று நாளைக்கு வெயில் தலைகாட்டாது. தூறல் விடாது, துவைத்த துணி காயாது, பெட்டியின் அடியிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வரும். சென்னையை அடித்து நொறுக்கும் புயல், கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் ஏறி வருவதற்குள் இளைத்துப் போய்க் குளிராக மட்டுமே வந்து சேரும். இரண்டாவது, தமிழ் சேனல்களில் விடுமுறைப் பட்டியல் ஓடத் தொடங்கும். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று நீளும் அந்தப் பட்டியலை மர்பி டவுன் பிள்ளைகள் கடைசி மாவட்டம் வரை பார்ப்பார்கள். தங்கள் ஊர் அதில் வராது என்று தெரிந்தும் பார்ப்பார்கள். வீட்டில் தமிழ், டிவியில் தமிழ். விடுமுறை மட்டும் கர்நாடகத்துடையது.

மர்பி டவுனைத் தெரியாதவர்களுக்கு: அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் நடுவே உள்ள பழைய கன்டோன்மென்ட் குடியிருப்பு. முன்பு நாக்ஸ்பேட் என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் உழைக்கும் மக்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டபோது, மர்பி என்ற பொறியாளரின் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் இங்கே விருந்தாளி அல்ல. பட்டாளத்தோடும் கட்டட வேலையோடும் தலைமுறைகளுக்கு முன்பு வந்து தங்கிய தமிழ். இன்று இந்தத் தெருக்களிலிருந்து விடியற்காலையில் பெண்கள் இந்திரா நகர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆண்களில் ஆட்டோ ஓட்டுபவர்கள் உண்டு, பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் வசதி வந்தவர்கள் பிள்ளைகளைத் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சியிருப்பவர்கள் வேறு வழியில்லாதவர்கள்.

தமிழ்நாட்டில் கலெக்டர் செய்கிற வேலையை இங்கே டெபுடி கமிஷனர் செய்கிறார். 2021 நவம்பரில் விடாத மழைக்காகப் பெங்களூரில் பள்ளிகள் மூடப்பட்டன. 2024 அக்டோபரில் மறுபடியும். இடையில் 2023 செப்டம்பர் 26-ம் தேதி காவிரிப் பிரச்சினைக்காக நகரத்தில் பந்த். அன்றும் பள்ளிகளுக்கு விடுமுறை. தண்ணீர் அதிகமானாலும் லீவு, தண்ணீர் போதாவிட்டாலும் லீவு என்பதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் புவியியல் பாடம்.

வேறு ஊர்த் தமிழர்களுக்கு வேறு பாடம். தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கிற குழந்தைகளுக்கு ஜனவரிக் குளிருக்கு விடுமுறை. 2024 ஜனவரியில் சின்ன வகுப்புகளுக்கு அது இன்னும் சில நாள் நீட்டப்பட்டது. அதற்கும் முன்பாக நவம்பரில் காற்று கெட்டுப்போய் விடுமுறை வருவதுண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் பள்ளிகளையே இரண்டு சாதியாகப் பிரித்திருக்கிறார்கள்: குளிர்காலத்தில் மூடுகிற பள்ளி, கோடையில் மூடுகிற பள்ளி. காஷ்மீரில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனி விடுமுறை. அங்கெல்லாம் குளிர் நாள் குறித்துக்கொண்டு வருகிறது. வீட்டில் விறகு, அரிசி எல்லாம் முன்கூட்டியே சேர்த்துவைக்க முடியும். நம் மழை அப்படியல்ல. ராத்திரி பத்து மணிக்கு அறிவிப்பு வரும், சில சமயம் காலை ஆறு மணிக்கு வரும். சில சமயம் பிள்ளை பள்ளி வாசலுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு வரும்.

வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு மழை விடுமுறை கிடையாது. இந்திரா நகர் அபார்ட்மென்டில் பாத்திரங்கள் மழையென்று பார்த்துக் காத்திருப்பதில்லை. வராத நாளுக்குச் சம்பளத்தில் பிடிக்கிற வீடுகளும் உண்டு. பள்ளியோடு அங்கன்வாடியும் மூடப்படுகிறபோது, எட்டு வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்க வேண்டும். வாட்ஸப்பில் அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவும் லீவுச் சேதி, வீட்டுக்கு வீடு வெவ்வேறு விதமாகக் கேட்கிறது. ஒரு வீட்டில் அது குதூகலம். அடுத்த வீட்டில், மத்தியானத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி.

அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன்.

மழையால் போன பாடத்தை ஈடுகட்ட வழி இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் பள்ளி நடந்தாக வேண்டும். கணக்கில் குறைந்தால் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தபோது அரையாண்டுத் தேர்வே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பாடம் காத்திருக்கும், பரீட்சையும் காத்திருக்கும். பசி காத்திருக்காது. புதன்கிழமை விட்டுப்போன சாப்பாட்டை சனிக்கிழமை போட்டால், அது சனிக்கிழமைப் பசிக்குத்தான் ஆகும்.

பள்ளிச் சாப்பாடு எப்படி வந்தது என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் ஸ்டாலினின் காலை உணவு என்று நம் அரசியல் வரலாற்றையே அடுப்பங்கரையிலிருந்து எழுதிவிடலாம். கர்நாடகத்தில் 2002, 2003 ஆண்டுகளில் அட்சர தாசோஹ என்ற பெயரில் இது பரவியது. அதற்கு முன்பே, 2000-ல், பெங்களூரில் ஐந்து பள்ளிகளின் 1,500 குழந்தைகளோடு அட்சய பாத்திரா அமைப்பு சமைக்கத் தொடங்கியிருந்தது. 2001 நவம்பர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை எல்லா மாநிலங்களும் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குழந்தையின் உரிமையாக்கியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலை வகுப்பென்றால் 700 கலோரி, 20 கிராம் புரதம். சலுகை என்ற நிலை மாறி, கேட்டுப் பெறக்கூடிய பாத்தியதை ஆயிற்று.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஓரிடத்தில் நாக்கு இடறும். எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு ஒவ்வொரு நாளும் இலவசமாக ஒரு மதிய உணவு என்று தாராளமாகத் தொடங்குகிற வாக்கியம், நடுவே மூன்றே சொற்களில் கையை இழுத்துக்கொள்கிறது: விடுமுறை நாட்கள் நீங்கலாக. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெரிய சொற்களை எப்படியாவது சமாளித்துவிடலாம், இந்த மாதிரிச் சின்ன வால்கள்தான் ஆபத்தானவை. இத்தனைக்கும் அதே பிரிவில் அங்கன்வாடிக் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிற பகுதியில் இந்த வால் இல்லை.

சட்டம் எழுதியவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் தீபாவளியையும் மே மாதத்தையும் மனதில் வைத்திருக்கலாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அறிவிக்கப்படும் மழை விடுமுறையும் விடுமுறைதான். அந்த உத்தரவில் கையெழுத்து விழுந்த கணத்தில், பிள்ளை மழையிலிருந்து காப்பாற்றப்படுகிறது. அதே கையெழுத்தில் அதன் அன்றைய சாப்பாட்டு உரிமையும் ரத்தாகிறது. உத்தரவு போடும் அதிகாரிக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்திருக்காது. சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு விசித்திரம். 2015-ன் மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நடக்கிற நாளில் அரிசி இல்லை, எரிபொருள் இல்லை, சமையல்காரர் வரவில்லை என்று உணவு நின்றுபோனால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று கெடுகூட உண்டு. அதாவது, சமையல்காரர் மழையில் மாட்டிக்கொண்டு வராவிட்டால் குழந்தைக்கு ஈடு உண்டு. மழைக்காகப் பள்ளியையே மூடிவிட்டால் ஈடு இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே மழை, இரண்டிலும் காலியாக இருப்பது ஒரே வயிறு.

இதற்கு முன்மாதிரி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது, 2016-ல் மறுபடியும் சொன்னது. 2024 கோடையில் கர்நாடக அரசே வறட்சி தாலுகாக்களில் விடுமுறை நாட்களில் பள்ளிச் சாப்பாட்டுக்கு உத்தரவிட்டது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, சாப்பாடு என்ன ஆயிற்று என்று உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து மாநிலங்களைக் கேட்டது. பிறகு தானியமாகவோ பணமாகவோ வீட்டுக்குக் கொடுக்க ஏற்பாடானது. 2024 நவம்பரில் தில்லிக் காற்று விவகாரத்திலும் அதே நீதிமன்றம் இதைக் கவனித்தது. பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடியதால் ஏராளமான குழந்தைகள் மதிய உணவை இழக்கிறார்கள் என்று சொல்லி, நேரடி வகுப்புத் தடையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கச் சொன்னது.

ஆக, வறட்சிக்கு அடுப்பு எரியும், நோய்க்கு அரிசி வீட்டுக்கு வரும், புகைக்கு நீதிமன்றம் கேள்வி கேட்கும். மழைக்கு மட்டும் ஏற்பாடு இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். வறட்சி மாதக்கணக்கில் நீடிக்கும், கொரோனா வருஷக்கணக்கில் நீடித்தது. மழை லீவு ஒரு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? ஆனால் ஒரு வருஷத்தில் மழைக்கு ஐந்தாறு நாள், பந்துக்கு ஒரு நாள் என்று கூட்டிப் பார்த்தால், கணிசமான தட்டுகள் காலியாகியிருக்கும். அவையும் வீட்டில் அடுப்பெரியச் சிரமமான நாட்களாகவே இருக்கும். மழை நாளில் பெயின்டருக்கு வேலை இல்லை, கட்டட வேலைக்காரருக்கும் இல்லை. கூலி இல்லாத நாளும் பள்ளிச் சாப்பாடு இல்லாத நாளும் ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன.

மழை நாளில் பள்ளியைத் திறந்து வை என்று நான் சொல்ல வரவில்லை. திறந்து கிடக்கும் சாக்கடையும் அறுந்து தொங்கும் மின்கம்பியும் ஊறிப்போன சுவரும் உள்ள நகரத்தில், பிள்ளைகள் வீட்டில் இருப்பதுதான் சரி. விடுமுறை அறிவித்த அதிகாரியைக் கேலி செய்வது சுலபம். அறிவிக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை யாரும் சுமக்க மாட்டார்கள். எனவே உத்தரவு இருக்கட்டும். அதில் இரண்டாவதாக ஒரு வரி சேரட்டும் என்பதுதான் கோரிக்கை.

அந்த வரி என்னவாக இருக்கலாம்? பெங்களூரில் கை நீட்டினால் எட்டுகிற ஒரு வழி இருக்கிறது. வார்டுக்கு ஒன்று என்ற திட்டத்தோடு 2017 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இந்திரா கேன்டீன்கள். ஐந்து ரூபாய்க்கு டிபன், பத்து ரூபாய்க்குச் சாப்பாடு என்று ஆரம்பித்தார்கள். மழை விடுமுறை நாளில், அரசுப் பள்ளி அடையாள அட்டையோடு வரும் பிள்ளைக்கு அங்கே இலவசச் சாப்பாடு என்று சொல்லலாம். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் அம்மா உணவகங்கள் இலவசமாகவே சோறு போட்டன. கணக்கு வழக்கு பார்க்க நேரமில்லாத நாட்களில் அதைச் செய்ய முடிந்தது. வெளியே காலெடுத்து வைக்கவே முடியாத அளவுக்கு வெள்ளம் என்றால் கொரோனா காலத்து வழி இருக்கவே இருக்கிறது: விட்டுப்போன நாட்களுக்குரிய தானியமும் சமையல் செலவும் அடுத்த மாதம் வீட்டுக்கு. அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். பேரிடருக்காக அறிவிக்கப்படும் விடுமுறையை, உணவு நின்றுபோன பள்ளி நாளாகக் கருத வேண்டும் என்று விதியில் ஒரு வாக்கியம் போதும்.

மர்பி டவுன் பிள்ளைகளின் மழை சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட எனக்கு விருப்பமில்லை. எதிர்பாராமல் கிடைக்கிற லீவுக்கு ஈடாக உலகத்தில் எதுவுமில்லை. ஆனால் காலையில் தெருவோரத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்ட பிள்ளைக்கு ஒரு மணிக்குப் பசிக்கும். பள்ளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அந்த நேரத்துக்குப் பசிக்கும். அடுத்த புயலுக்குப் பெயர் வைப்பதற்குள், அந்த இரண்டாவது வரியை எழுதிவைத்துவிடலாம்.