வாங்கிப் போட்ட மனை

திண்டுக்கல்லில் முதல் வீட்டுக்காகப் பணம் சேர்க்கும் குடும்பங்களிடையே, வாடகை தண்டச் செலவு என்பதும், மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்பதும், ஆகவே வீடு கட்ட இப்போது வசதியில்லாவிட்டாலும் ஊருக்கு வெளியே ஒரு மனையையாவது வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்பதும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைகளாக நிலவுகின்றன. பழனி சாலையிலும் நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் மானாவாரிக் காடுகளில் ஊன்றப்பட்டுள்ள மனைக்கற்கள் இந்த நம்பிக்கையின் விளைச்சலே.

மனை விலை இறங்காது என்போர் 2016-ஆம் ஆண்டை வசதியாக மறந்துவிடுகின்றனர். அங்கீகாரமற்ற மனைகளை, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெறாமல் விளைநிலத்தைக் கூறுபோட்டு விற்ற மனைகளை, பதிவு செய்யலாகாது என அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ விற்றுக்கொள்ளலாம் என்று வாங்கப்பட்ட மனைகள் பத்திரம் முடிக்க வழியில்லாமல் கிடந்தன. விலை இறங்கவில்லை என்று அப்போதும் சொல்லிக்கொள்ள முடிந்தது. வாங்க ஆளில்லாத பொருளுக்கு எந்த விலையையும் சொல்லலாம். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, கட்டணம் செலுத்துவோருக்கு வழி திறந்தது. அடுத்த மாதமே, பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டு, அக்குறைப்பு 2023 மார்ச் இறுதிவரை நீடித்தது. வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் ஒன்றல்லதான். எனினும் மண்ணின் மதிப்பு ஏறுமுகம் மட்டுமே அறிந்தது என்று சத்தியம் செய்வோர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்க வேண்டும்.

வாடகை தண்டம் என்ற வாதமும் கணக்கில் நிற்பதில்லை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். திரும்பி வராத பணம் தண்டம் என்றால் இதுவும் தண்டமே. இத்தவணையைக் கட்டுபவருக்குக் குடியிருக்க ஒரு கூரையாவது மிஞ்சுகிறது; நகையை அடகு வைத்தும் சீட்டை எடுத்தும் மனை வாங்கியவரோ, மனைக்கு வட்டியும் நகருக்குள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்டுகிறார்.

அவர் அந்த மனையில் வீடு கட்டிக் குடியேறாததற்குச் சோம்பல் காரணமன்று. 2014-இல் மாநகராட்சியான திண்டுக்கல்லுக்கே ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் தண்ணீர் வர வேண்டியிருக்கிறது; நகரைச் சுற்றிப் பல இடங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுகளால் நிலத்தடி நீர் உப்பேறிக் கெட்டுவிட்டது. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பேருந்தும் ஆள் குடியேறிய பின்பே வருகின்றன. அவை வந்த பின்பே குடியேறலாம் என மனைக்காரர் ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்திருக்க, மனைகளில் சீமைக்கருவேலம் வளர்கிறது. இதற்கிடையே, உண்மையில் வீடு கட்டிக் குடியேற விரும்பும் குடும்பம், தன்னைப் போன்ற குடும்பங்களோடு மட்டுமின்றி, கட்டும் எண்ணமே இல்லாமல் விலையேற்றத்துக்காக நிலத்தைப் பூட்டி வைத்திருப்போரோடும் போட்டியிட நேர்கிறது. தம் மனைக்கு விலை ஏறிவிட்டதென மகிழும் தந்தை, தம் மகன் நாளை வாங்க வேண்டிய மனைக்கும் அதே விலை ஏறியிருப்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

மனையை விற்று வீடு வாங்கிக்கொள்ளலாம் என்பது இறுதியாகச் சொல்லப்படும் சமாதானம். தமிழகத்தில் 2023 முதல், சொத்து வாங்குபவர் பொதுவாக முத்திரைத் தீர்வையாக 7 சதவீதமும் பதிவுக் கட்டணமாக 2 சதவீதமும் செலுத்த வேண்டியுள்ளது. மனைக்கு ஒருமுறை செலுத்தியவர் வீட்டுக்கு மறுமுறையும் செலுத்துகிறார். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் ஒப்பிட்டு மார்தட்டும் லாபக் கணக்கில் இத்தொகையும், இடைப்பட்ட ஆண்டுகளின் வட்டியும் இடம்பெறுவதே இல்லை.