ஒரு எழுத்தைத் திருத்துவதும் வேலைதான்

உயர்தர ஐ.சி.டி. வகுப்பில் கிட் மென்பொருளின் மாற்றப் பதிவுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஒரு எழுத்துப் பிழைய திருத்தினதுக்குமா பேர் போடுற?"

ஆம், போடுவார்கள். ஏன் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைப்பதுதான் கிட்டின் வேலை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதைத் தொடங்கினார். அதே வருடம் ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். தொடங்கியவரை உலகத்துக்கே தெரியும். அதன் பின்னர் பராமரித்து வருபவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

2022 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். பலர் பாவிக்கும் கணினியில் இன்னொருவர் வைத்த கோப்புறையை கிட் நம்பிவிடும் ஓட்டை அடைக்கப்பட்டது. நம்பலாம் என்று நாம் குறிக்கும் கோப்புறைகளுக்கு ஒரு புதிய அமைப்பும் வந்தது. ஆனால் அதை வாசிக்கும் நிரல், தன்னிடம் வருவது அந்த அமைப்புத்தானா என்று பெயரைப் பார்க்கவே இல்லை! சில நாட்களிலேயே திருத்தினார்கள். புதிய 2.35க்கு மட்டுமல்ல, 2.30 வரையான பழைய வரிசைகளுக்கும் சேர்த்து. அந்த வெளியீடுகளில் பெரிய புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணினி அறையில் ஒரே இயந்திரத்தைப் பத்துப் பிள்ளைகள் பாவிக்கும் நமக்கு அது பெரிய விஷயம்.

கையேடும் அப்படித்தான். கிட் வேலை செய்ய மறுத்தால் புதியவர் போய் நிற்பது அங்கேதான். அங்கே ஒரு சொல் பிழைத்தால் அவர் தன்னைத்தான் மக்கு என்று நினைப்பார். அதனால் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் காரணம் எழுத வேண்டும், பெயர் போட வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

இப்போது என் கதை. என் டியூட்டில் 45இன் இரும வடிவம் 101011 என்று மூன்று வருடமாக இருந்தது. அது 43. சரியான விடை 101101. முதல் வருடமே ஒரு மாணவி கண்டிருக்கிறார். "சேருக்குப் பிழை சொல்ற எப்படி" என்று வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த இரண்டு வகுப்பும் பிழையைத்தான் படித்தது. குற்றம் அந்தப் பிள்ளையுடையதல்ல. கேட்கலாம் என்ற தைரியத்தை நான் கொடுக்கவில்லை.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஸதகா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாடக்குறிப்பில் கிடக்கும் பிழையும் முள்தான். அதை எடுத்துப் போடுபவரை மரியாதை தெரியாதவர் என்கிறோம்.

இந்தத் தவணை முதல் என் டியூட்டின் கடைசிப் பக்கம் திருத்தங்களுக்கு. என்ன பிழை, ஏன் பிழை, கண்டவர் பெயர். முதல் பெயர் அந்த மாணவியுடையது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் டியூட்டிலும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.