ஓட்டையைக் கண்டுபிடிச்சவர் எல்லாம் திருடர் இல்ல

எந்தப் போட்டியை எடுத்துக்கிட்டாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். விதியை உடைக்க மாட்டார், வளைப்பார். "ரூல் புக்ல எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். சுற்றி நிற்பவர்களுக்குக் கடுப்பாகும், ஆனால் பதில் சொல்ல முடியாது. இவரை என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் நேரில் பார்க்காத உலகம் அது: அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் அமெச்சூர் துப்பாக்கி சுடும் போட்டிகள். ஹாஸ்டலில் ராத்திரி யூடியூபில் இந்த வீடியோக்கள் எதிரே வந்தபோது சும்மா பார்க்க ஆரம்பித்தேன். துப்பாக்கியை விட அந்த ஊர்க்காரர்களின் சண்டைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிடுறேன். ஒலிம்பிக்கில் பார்ப்பது போல ஒரே இடத்தில் நின்று ஒரே இலக்கைச் சுடுவது இல்லை. இதற்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். மரத் தடுப்பு, ஜன்னல், கதவு என்று ஒரு செட் போடுவார்கள். அதை ஸ்டேஜ் என்பார்கள். டைமர் 'பீப்' அடித்ததும் ஓடிக்கொண்டே அங்கங்கே இருக்கும் அட்டை இலக்குகளைச் சுட வேண்டும். எவ்வளவு துல்லியம், எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் ஸ்கோர். 1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பு இதற்காக உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அதன் அமெரிக்கக் கிளைதான் யூஎஸ்பிஎஸ்ஏ.

லோக்கல் கிளப் போட்டிக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். செட் போடுவது, இலக்கில் ஓட்டை விழுந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது, ஸ்கோர் எழுதுவது எல்லாமே அவர்கள்தான். நடுவரும் அவர்களில் ஒருத்தர். சம்பளம் கிடையாது. இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்டேஜைச் சுடுவதற்கு முன்னால் சில நிமிஷம் உள்ளே நடந்து பார்க்க விடுவார்கள். அப்போது ஒருத்தர் மட்டும் குனிந்து, எட்டி, பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பார். இரண்டு தடுப்புகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அங்கே நின்றால், ஸ்டேஜ் போட்டவர் "அந்தக் கதவு வரைக்கும் ஓடி வந்து சுடணும்" என்று நினைத்து வைத்த இலக்கு இங்கிருந்தே தெரியும். ஓட்டம் மிச்சம், இரண்டு மூன்று நொடி லாபம். இப்படிப்பட்டவரை அங்கே 'கேமர்' என்பார்கள். பாதிப் பேர் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள், மீதிப் பேர் திட்டாகச் சொல்வார்கள்.

திட்டாகச் சொன்னவர்களில் சிலர் சேர்ந்து 1996-ல் ஐடிபிஏ என்ற தனி அமைப்பையே ஆரம்பித்தார்கள். "இந்த விளையாட்டு ஸ்பெஷல் துப்பாக்கி, ஸ்பெஷல் உறை, தந்திரம் என்று போய்விட்டது, தற்காப்புக்கு நிஜமாக எடுத்துப்போகும் துப்பாக்கியோடு நேர்மையாக ஆடலாம்" என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கேமரைத் தடுக்க அவர்கள் எழுதிய ஒரு விதியில்தான் எனக்குச் சிக்கல். அதன் பெயர் 'ஃபெயிலியர் டு டூ ரைட்'. சரியானதைச் செய்யத் தவறியது என்று அர்த்தம். சாதாரண நடைமுறைத் தப்புக்கு 3 நொடி சேர்ப்பார்கள். இதற்கு 20 நொடி. மொத்த ஸ்டேஜையே அரை நிமிஷத்தில் முடிக்கிற ஆட்டத்தில் 20 நொடி என்றால் கதை முடிந்தது.

எதற்கு இந்த அபராதம் என்று பாருங்க. பழைய விதிப்புத்தகத்தில் 'ரவுண்ட் டம்பிங்' ஒரு பிரபலமான உதாரணம். ஐடிபிஏ-வில் குண்டு மீதமுள்ள மேகசினைத் தரையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. எடுத்துப் பாக்கெட்டில் வைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். துப்பாக்கி முழுசாகக் காலியானால் மட்டும் பழைய மேகசினை அப்படியே கீழே விட்டுவிட்டுப் புதுசைச் சொருகலாம். அதனால் கேமர் என்ன செய்வார்? தனக்கு வசதியான இடத்தில் துப்பாக்கி காலியாகிற மாதிரி, பக்கத்தில் இருக்கும் சுலபமான இலக்கில் ஒரு குண்டு எக்ஸ்ட்ராவாகச் சுட்டுவிடுவார். ஒரு குண்டுக்கு ஒரு நொடி கூட ஆகாது. லாபம் அதை விடப் பெருசு.

இப்ப நீங்கதான் நடுவர். ஒருத்தர் மூன்றாவது குண்டு சுட்டார். "முதல் குண்டு சரியா விழுந்துச்சான்னு சந்தேகமா இருந்துச்சு, அதான் இன்னொண்ணு சுட்டேன்" என்கிறார். தப்பிய குண்டுக்குப் பதிலாக இன்னொன்று சுட அந்த ஆட்டத்தில் அனுமதி உண்டு. இது சந்தேகமா, தந்திரமா? எந்த டைமரும் எந்தக் கேமராவும் உங்களுக்குச் சொல்லாது. அவர் மனசுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்போது என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நடுவருக்குத் தெரிந்தவர் சுட்டால் சந்தேகம். வாயாடி என்று பெயர் எடுத்தவர் சுட்டால் தந்திரம். அந்த நடுவர் நேர்மையானவராகவே இருக்கலாம். நாம் அவருக்குக் கொடுத்த வேலை அப்படி. அளக்க முடியாததை அளக்கச் சொன்னால், அளவுகோல் இருக்கும் இடத்தில் அபிப்பிராயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதே விளையாட்டில் மிக மிகக் கடுமையான விதி எது தெரியுமா? பாதுகாப்பு விதி. நீங்கள் ஓடும்போது துப்பாக்கி முனை 180 டிகிரி கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால், அந்தப் போட்டி உங்களுக்கு அதோடு முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தெரியாமல் ஒரு குண்டு வெடித்தாலும் அதே கதைதான். "வேணும்னு செஞ்சீங்களா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. என்ன நடந்தது என்பது மட்டும்தான் கேள்வி. உயிர் சம்பந்தப்பட்ட விதியே நோக்கத்தைக் கேட்காமல் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியிருக்க, மூன்று நொடி லாபத்துக்கு மட்டும் ஏன் மனசைத் தோண்ட வேண்டும்?

ஒலிம்பிக் பக்கம் போனாலும் இதேதான். ரைபிள் சுடுபவர்கள் போடும் தடித்த ஜாக்கெட்டைப் பார்த்திருப்பீங்க. அது ரொம்ப விறைப்பாக இருந்தால் உடம்பைத் தாங்கிப் பிடித்துவிடும், அது அநியாய உதவி. இதற்கு ஐஎஸ்எஸ்எஃப் "நியாயமான ஜாக்கெட் போடவும்" என்று எழுதி வைக்கவில்லை. துணியின் தடிமன் ஒற்றையாக 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 1000 கிராம் எடையை வைத்தால் துணி குறைந்தது 3 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். கருவியில் வைத்துப் பார்ப்பார்கள், பாஸ் அல்லது ஃபெயில். நம்ம மெட்ராலஜி லேபில் செய்கிற 'கோ, நோ-கோ கேஜ்' வேலை மாதிரிதான். கேஜ் யாரையும் சந்தேகப்படாது, அதனால் கேஜ் மேல் யாருக்கும் கோபமும் வராது.

"அப்ப ஏமாத்துறவனே கிடையாதா?" என்று கேட்பீங்க. இருக்கான். யூஎஸ்பிஎஸ்ஏ-வில் குண்டின் வேகத்துக்கும் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. கிரெய்ன் அளவில் எடையை, அடி கணக்கில் வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். 165 தாண்டினால் 'மேஜர்', 125 தாண்டினால் 'மைனர்'. மேஜரில் சுடுபவருக்குத் துப்பாக்கி அதிகமாக உதைக்கும், அதற்கு ஈடாக இலக்கின் ஓரத்தில் பட்டாலும் கூடுதல் புள்ளி. பெரிய போட்டிகளில் கருவி வைத்து வேகத்தை அளப்பார்கள். லோக்கல் கிளப்பில் பெரும்பாலும் அளக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வதை நம்பி எழுதிக்கொள்வார்கள். அங்கே ஒருத்தர் மருந்தைக் குறைத்துப் போட்டு, உதைப்பையும் குறைத்துக்கொண்டு, "மேஜர்" என்று எழுதிக் கொடுத்தால் அது வளைப்பது இல்லை. பொய். திருட்டு.

இவருக்கும் இடைவெளியில் எட்டிப் பார்த்தவருக்கும் என்ன வித்தியாசம்? என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கு: செய்யப்போறதை எல்லார் முன்னாடியும் சத்தமாகச் சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா? "அந்தச் சந்துல நின்னு சுடப்போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுடலாம். கேட்பவர்கள் முறைப்பார்கள், அடுத்து அவர்களும் அங்கேயே நிற்பார்கள். "என் குண்டு மேஜர் இல்ல, ஆனா மேஜர்னு எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு யாராலும் சுட முடியாது. ஒளிவு இருந்தால்தான் அந்த லாபம் நிற்கும். ஒளிவு தேவைப்படுகிறவர்தான் ஏமாற்றுக்காரர். மற்றவர் உங்கள் டிசைனை இலவசமாக டெஸ்ட் செய்து கொடுத்தவர்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. திறமைக்கு ஏற்ப கிராண்ட் மாஸ்டர் முதல் டி வரை வகுப்பு பிரித்திருப்பார்கள். வேண்டுமென்றே மோசமாகச் சுட்டுக் கீழ் வகுப்பிலேயே தங்கி, பெரிய போட்டியில் அந்த வகுப்புப் பரிசை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இதற்கு 'சேண்ட்பேகிங்' என்று பெயர். இதை நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். எல்லாருக்கும் மோசமான நாள் வரும்தானே? இதற்குச் சில போட்டி நடத்துபவர்கள் கண்டுபிடித்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெயித்தவருக்குக் கேடயம் மட்டும். விலையுள்ள பரிசுப் பொருட்களைக் குலுக்கல் முறையில் கொடுத்துவிடுகிறார்கள். கீழே தங்கினால் கிடைக்கும் லாபமே போய்விட்டது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். "எல்லாத்தையும் எழுத்துல அடக்க முடியாது. விளையாட்டுக்குன்னு ஒரு உணர்வு இருக்கு. முதல் தடவை வந்த புதுப் பையன் கஷ்டப்பட்டு கதவு வரைக்கும் ஓடிச் சுட்டான். பழைய ஆள் சந்துல நின்னு முடிச்சுட்டார். அந்தப் பையன் அடுத்த வாரம் வருவானா?" இது நியாயமான கவலை. கிளப் போட்டிகள் புது ஆட்களை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அந்தப் பையனை விரட்டியது சந்து இல்லை, அந்தச் சந்து பழைய ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்ததுதான். நடந்து பார்க்கும் நேரத்திலேயே "தம்பி, இங்க நின்னா அது தெரியும் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வருத்தம் இல்லை. பழைய ஆட்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய பண்பு இதுதான். வழக்கமாக வருபவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே பழக்கமாக்கலாம், விதிப்புத்தகம் தேவையில்லை.

ஆக, வளைப்பவரை எப்படிக் கையாள்வது? என் பதில் மூன்று.

ஆட்டம் தொடங்கும் முன் ஓட்டை தெரிந்தால் அப்போதே அடைத்துவிடுங்க. யூஎஸ்பிஎஸ்ஏ-வில் இதற்கு ஒரு வழி இருக்கு: ஸ்டேஜ் போட்டவர் எதிர்பார்க்காத ஓட்டை இருந்தால், ரேஞ்ச் மாஸ்டர் "இந்தச் செயல் கூடாது" என்று எல்லாருக்கும் அறிவித்துத் தடுக்கலாம்.

பாதியில் தெரிந்தால், சுட்டு முடித்தவரைத் தண்டிக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே நிலை வருகிற மாதிரி முடிவெடுங்க: அப்படியே விடுவது, எல்லாரையும் மறுபடி சுட வைப்பது, அல்லது அந்த ஸ்டேஜையே கணக்கிலிருந்து எடுப்பது. அடுத்த மாதம் அந்தத் தடுப்பை ஒரு அடி நகர்த்தி வைங்க. ஓட்டையைக் காட்டினவரையே கூப்பிட்டு அடுத்த ஸ்டேஜைப் போடச் சொன்னால் இன்னும் நல்லது.

பொய் சொன்னவர் என்றால் அன்றைக்கே, ஆதாரத்தோடு, நடுவரிடம் நேரில் சொல்லுங்க. தேவைப்பட்டால் எழுத்தில் கொடுங்க. முறையான மேல்முறையீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும். டீ குடிக்கும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் பேசுவது இலவசம். அதனாலேயே அதற்கு மதிப்பும் இல்லை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்றால், அடுத்த சிம்போசியத்தில் உங்களில் நிறையப் பேர் ஈவென்ட் கோஆர்டினேட்டர். நீங்களும் சம்பளம் இல்லாத நடுவர்தான். லைன் ஃபாலோயரில் ஒரு டீம் வளைவைக் குறுக்கே வெட்டி வரும். ரூல் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் கை "ஜட்ஜஸ் டிசிஷன் ஈஸ் ஃபைனல்" என்ற கடைசி வரியைத் தேடும். அந்த வரியும் ஒரு 'ஃபெயிலியர் டு டூ ரைட்'தான். உங்கள் அபிப்பிராயத்துக்கு நீங்களே போட்டுக்கொண்ட சீல். அதைக் காட்டி அந்த டீமை வெளியே அனுப்பாதீங்க. அவர்கள் ஜெயிக்கட்டும். அடுத்த வருஷ ரூல் ஷீட்டில் "ரோபோவின் இரண்டு சக்கரங்களும் கோட்டைத் தாண்டினால் 5 நொடி" என்று ஒரு வரி சேர்த்துட்டுப் போங்க, ஜூனியர்ஸ் உங்களை வாழ்த்துவாங்க.