கைப்பக்குவம்

திருவொற்றியூரில் இறைவனுக்கு விளக்கெரிக்கும் தொண்டு பூண்டவர் கலிய நாயனார். செல்வமெல்லாம் கரைந்த பின்னரும் அவர் அத்தொண்டைக் கைவிடவில்லை. கூலிக்குச் செக்காட்டி, கிடைத்த பொருளைக் கொண்டு திருவிளக்கேற்றினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இன்றோ எண்ணெய், திரி, நெய், குங்குமம், திருநீறு யாவும் பொட்டலங்களாகவே பூஜை அறைக்கு வந்து சேர்கின்றன. கால ஓட்டத்தில் வந்த வசதி அது, குறை கூறுவதற்கில்லை.

மயிலாடுதுறையில் வாழும் ஒரு குடும்பம் அந்த வசதியிலிருந்து சிறிது சிறிதாக விலகி வருகிறது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள், 76 வயதான மாமியார் என வீட்டில் நால்வர். தொடக்கம் திரியில்தான். பாட்டி பருத்தியின் கொட்டையை நீக்கிப் பஞ்சைப் பிரித்து, விரல் நுனியில் திருநீறு தொட்டுக்கொண்டு திரிப்பதைப் பேத்தி விளையாட்டாகக் கற்றுக்கொண்டாள். விடுமுறை நாளொன்றில் இருவரும் உட்கார்ந்தால் மாதத்திற்கு வேண்டிய திரி சேர்ந்துவிடுகிறது.

அடுத்தது நெய். நாள்தோறும் பாலேட்டை எடுத்துச் சேர்த்து, உறையூற்றிக் கடைந்து வெண்ணெய் எடுக்கிறார்கள். அது காயும்போது மாமியார் அடுப்பருகே செல்வதே இல்லை; கூடத்தில் அமர்ந்தபடி காது கொடுத்துக் கேட்பார். வெண்ணெயில் நீர் இருக்கும்வரை சடசடவென்று ஓசை வரும். ஓசை அடங்கினால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். “முருங்கை இலையைப் போட்டு இறக்கு” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். பார்வை மங்கிய வயதிலும் பக்குவம் மங்கவில்லை.

குங்குமம் மட்டும் இவ்வளவு எளிதாக அமையவில்லை. கடையில் வாங்கிய குங்குமத்தால் மருமகளின் நெற்றியில் அரிப்பும் தடிப்பும் கண்டன. குங்குமத்தை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னார். வெறும் நெற்றியோடு கோயிலுக்குச் செல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மாமியாரின் பிறந்த வீட்டில் நவராத்திரிக்கு முன் ஆண்டுதோறும் குங்குமம் செய்வது வழக்கம். முறை முழுவதும் அவருக்குத் தெரியும். ஆயினும், கணவர் மறைந்த 9 ஆண்டுகளாக அவர் குங்குமச் சிமிழைக் கையால் தொட்டதில்லை.

“நான் சொல்கிறேன், நீ செய்” என்று விலகி அமர்ந்தே முறையைச் சொன்னார். குண்டு மஞ்சளைப் பாக்களவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். வெங்காரத்தையும் படிகாரத்தையும் பொடித்து எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, மஞ்சளில் சேர்த்துப் பிசற வேண்டும். நாள்தோறும் கிளறிவிட்டு நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் போன பிறகு இடித்துச் சலித்து, சிறிது நெய் விட்டுப் பிசைய வேண்டும். ஆரத்தி நீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதல்லவா? மஞ்சளின் அந்தக் குணமே இங்கும் வேலை செய்கிறது. ஆனால் அளவு என்ன என்று மருமகள் கேட்டபோது, “பார்த்தால் தெரியும்” என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

முதல் முயற்சி வீணாயிற்று. வெங்காரமும் போதவில்லை; அவசரத்தில் மொட்டை மாடி வெயிலில் காயவைத்ததால் நிறமும் வெளுத்துச் செங்கற்பொடி போலாகிவிட்டது.

இரண்டாம் முறை, பிசறிய மஞ்சளைத் தாம்பாளத்தோடு கொண்டுவந்து மாமியாரின் முன் வைத்தாள் மருமகள். “அத்தை, உங்கள் கை படாமல் இது குங்குமமாகாது” என்றாள். மங்கலப் பொருளை ஆக்கத் தெரிந்த கைகளை அதனிடமிருந்து விலக்கி வைப்பதில் என்ன பொருள் இருக்க முடியும்? முதியவர் நெடுநேரம் தாம்பாளத்தையே பார்த்திருந்தார். பிறகு மஞ்சளுக்குள் கைவிட்டு அளைந்து, “இன்னும் கொஞ்சம் வெங்காரம் கொண்டு வா” என்றார்.

இம்முறை நல்ல சிவப்பு வந்தது. மருமகள் அதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாள். அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே நெற்றியில் இட்டுக்கொண்டாள். நவராத்திரியில் அபயாம்பிகை சன்னிதிக்கு ஒரு பொட்டலம் சென்றது. தாம்பூலத்தோடு அண்டை வீடுகளுக்கும் சிறு சிறு பொட்டலங்கள் சென்றன. அவற்றை மடித்தவர் மாமியார்.

வரும் சிவராத்திரிக்குத் திருநீறு நீற்றுவதாக எண்ணம். நெற்பதருக்குச் சொல்லியாயிற்று. பசுஞ்சாணம் எங்கே கிடைக்கும் என்று பேத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.