வாய் பேசாத வேண்டுகோள்

 

நோயுற்ற உறவினரைக் காண மருத்துவமனைக்குச் செல்கிறோம். கையில் என்னென்ன கொண்டு செல்கிறோம்? ஆரஞ்சுப் பழம், ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில், ஃபிளாஸ்கில் கஞ்சி. தலைமாட்டில் வைக்க ஒரு யாஸீன் கிதாபு. சிறு புட்டியில் ஜம்ஜம் நீர். இவையனைத்தும் நல்லவையே. ஆனால், நோயாளிக்கென்று ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துச் சென்றவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியைப் பிறரிடம் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே, முதலில் என் குற்றத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வாப்பா பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார்கள். வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு நின்றது. மூக்கின் வழியே குழாய் செலுத்தி அதன் மூலம் உணவு கொடுத்தனர். மக்களாகிய நாங்கள் நால்வரும் முறை வைத்துக்கொண்டு அருகில் இருந்தோம். உடம்பைத் துடைத்தோம், துணி மாற்றினோம், இரவு முழுவதும் ஓதினோம். வாயை மட்டும் மறந்தோம். வாய் வழியே எதுவும் உண்பதில்லையே, அங்கே என்ன அழுக்குச் சேரப்போகிறது என்பது எங்கள் எண்ணம்.

அருகிலிருந்த பள்ளிவாசலில் பாங்கோசை எழும்போதெல்லாம் வாப்பா இடக்கையை மெல்லத் தூக்கி உதட்டருகே கொண்டுபோவார்கள். தாகம் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். "தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் வாப்பா" என்று கூறிக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்துவிடுவோம். இவ்வாறே எட்டு நாட்கள் கழிந்தன.

ஒன்பதாம் நாள் இரவு, வயதில் மூத்த செவிலியர் ஒருவர் பணிக்கு வந்தார். டார்ச் விளக்கை அடித்து வாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தவர், "இவர் வாயை யாரேனும் சுத்தம் செய்தீர்களா?" என்று கேட்டார். நாவின் மேல் பழுப்பு நிறப் படலம். அண்ணத்தில் காய்ந்து ஒட்டிய சளி. வெடித்து இரத்தம் கசிந்த உதடுகள். நான் தலை குனிந்தேன். அவர் பொறுமையாகத் துடைத்துத் துலக்கி முடித்தபோது வாப்பாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. ஐம்பது ஆண்டுகளாக மிஸ்வாக் செய்யாமல் ஒளுச் செய்தறியாத மனிதர், பாங்கு கேட்டதும் கையை உயர்த்தியது தண்ணீருக்காக அன்று, மிஸ்வாக்குக்காக! மதரஸாவில் ஆண்டுதோறும் ஒளுவின் சுன்னத்துகளைக் கற்பிக்கும் நான், பெற்ற தகப்பனின் கையசைவை அறியாதவனாய் இருந்திருக்கிறேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையை நினைத்துப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் நெஞ்சின் மீது நபியவர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக் குச்சியுடன் உள்ளே வந்தார்கள். நபியவர்களின் பார்வை அக்குச்சியில் பதிந்தது. அன்னையவர்கள் பார்வையின் பொருளை உணர்ந்து, வேண்டுமா என வினவினார்கள். நபியவர்கள் தலையசைத்தார்கள். குச்சியை வாங்கி, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள் அன்னை. புகாரீ கிரந்தத்தில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நான் பலமுறை பயான்களில் கூறியதுண்டு. பேச இயலாதவரின் பார்வையைப் படிப்பதும், அவர் வாய்க்கு ஏற்றவாறு மிருதுவாக்கிக் கொடுப்பதும் பணிவிடையின் இலக்கணம் என்பதை மட்டும் அந்த ஒன்பதாம் நாள் வரை நான் உணர்ந்ததில்லை.

இது வெறும் தூய்மைப் பிரச்சினை அன்று; உயிர்ப் பிரச்சினை. நம் வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உணவை மெல்லும்போது அது பெருகி வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. குழாய் வழியே உணவு பெறுபவருக்கு மெல்லுதல் இல்லை. ஆகவே உமிழ்நீர் குறைகிறது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவதால் எஞ்சிய ஈரமும் காய்கிறது. உண்ணாதவர் வாய்தான் உண்பவர் வாயைவிட விரைவில் அழுக்கடைகிறது. அங்கே பெருகும் கிருமிகள், விழுங்கும் ஆற்றல் குன்றியவரின் மூச்சுக்குழாய்க்குள் உமிழ்நீருடன் சிறிது சிறிதாக இறங்குகின்றன. நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுக் காலம் நடந்த ஓர் ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. முறையாக வாய் சுத்தம் செய்யப்பட்ட முதியோரில் 100க்கு 11 பேருக்கே நிமோனியா கண்டது; அவ்வாறு செய்யப்படாதவர்களில் 100க்கு 19 பேருக்குக் கண்டது. மருத்துவமனை நோயாளிகள் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கையும், அன்றாடம் பிரஷ்ஷினால் துலக்குவது மருத்துவமனையில் தொற்றும் நிமோனியாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. விலை உயர்ந்த மருந்தன்று; ஒரு சிறு பிரஷ்!

எப்படிச் செய்வது? கைகளைச் சோப்பினால் கழுவிக்கொண்டு கையுறை அணியுங்கள். நினைவுள்ள நோயாளியைத் தலையணைகளால் தாங்கி, நன்கு நிமிர்ந்து அமரச் செய்யுங்கள். நினைவற்றவராயின் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்தின் கீழ் துண்டும் சிறு கிண்ணமும் வையுங்கள். சிறிய தலையுடைய மிருதுவான பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு, பட்டாணி அளவே பற்பசை இட்டு, பற்களையும் ஈறுகளையும் நாவையும் மெல்லத் துலக்குங்கள். பக்கவாத நோயாளிக்குச் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தினுள் உணவுத் துணுக்குகள் தங்கியிருக்கும். அவர் அதை உணரமாட்டார். நீங்கள்தாம் பார்க்க வேண்டும். கொப்பளிக்க முடியாதவருக்கு நனைத்துப் பிழிந்த துணியால் நுரையைத் துடைத்தெடுங்கள். பற்களுக்கிடையே விரலை ஒருபோதும் விடாதீர்கள். நினைவற்றவர் தம்மையறியாமல் கடித்துவிடுவார். முதல் முறை செவிலியர் அருகிலிருக்கச் செய்து பழகிக்கொள்வது நலம்.

காலையும் இரவும் துலக்குதல் அவசியம். இடையிடையே உதட்டையும் நாவையும் நனைத்துக்கொண்டே இருங்கள். எதுவும் மறந்து போகிறதென்றால், பாங்கு கேட்கும்போதெல்லாம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்செட் அணிபவராயின் இரவில் அதைக் கழற்றி, துலக்கி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும். நாவிலோ கன்னத்தினுள்ளோ வெண்படலம் கண்டால் அது காளானாக இருக்கக்கூடும். நீரிழிவு நோயாளிகளுக்கும் அதிக நாள் ஆன்டிபயாடிக் உட்கொள்பவர்களுக்கும் அது எளிதில் வரும், மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு வழக்கத்திலிருந்த எலுமிச்சை கலந்த கிளிசரின் வாயை மேலும் உலர்த்தி, பல்லின் எனாமலையும் அரிப்பதால் அதனை இப்போது பரிந்துரைப்பதில்லை.

மிஸ்வாக் குச்சியையே பயன்படுத்த வேண்டாமா என்று சிலர் கேட்பர். துப்ப இயலாத நோயாளியின் தொண்டையில் அதன் நார் சிக்கக்கூடும். அழுக்கை நீக்கும் தூய்மையான, சொரசொரப்பான எப்பொருளாலும் மிஸ்வாக்கின் சுன்னத் நிறைவேறும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. ஆகவே மனக்குறை வேண்டாம். நிய்யத் உங்களுடையதாக இருக்கட்டும். பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸக்ராத் வேளையில் இருப்பவரின் வாயில் ஜம்ஜம் நீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்பு மேலிட்டுச் செய்கிறோம். ஆனால் விழுங்க இயலாதவரின் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கி அவரைத் திணறச் செய்யும். மரணத் தறுவாயில் இருப்பவரின் வாய் வறளாதபடி நனைத்துக் கொடுப்பதை மார்க்க நூல்கள் விரும்பத்தக்கதாகச் சொல்கின்றன. பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாவிலும் தடவினால் போதும்.

அந்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாப்பா பதினான்கு மாதங்கள் வாழ்ந்தார்கள். பேச்சு வரவில்லை. ஒவ்வொரு நாளும் சுபுஹு பாங்கு கேட்டதும் நான் பிரஷ்ஷுடன் அருகில் செல்வேன். நான் கேட்குமுன்பே வாயைத் திறப்பார்கள். முடிந்ததும் இடக்கையால் என் கையை ஒருமுறை அழுத்துவார்கள். அந்த எட்டு நாட்களுக்கு அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். வாப்பா மன்னித்துவிட்டார்கள் என்றே அந்தக் கையழுத்தத்தில் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் படுக்கையில் இருப்பவர் எவரேனும் உண்டா? இப்பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, அவரருகில் அமருங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் பிடித்து ஒருமுறை பாருங்கள். சொல்ல முடியாத ஒரு வேண்டுகோள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.

வல்ல நாயன் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன்.