ஆஸ்பத்திரி பைலுக்குப் பூட்டு எங்கே?

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, புதன்கிழமை. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் காலையிலேயே கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

ஓ.பி. சீட்டு போட முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் மேஜைக்குப் போகவில்லை. எந்தப் படுக்கையில் யார், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கணக்கும் திரையில் இல்லை. நாடு பூராவும் பெயர் பெற்ற ஆஸ்பத்திரி, பேனாவையும் பேப்பரையும் தேடி எடுத்தது.

இது சாதாரணக் கோளாறு இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. மர்ம ஆசாமிகள் சர்வருக்குள் புகுந்து பைல்களைப் பூட்டிவிட்டார்கள்!

பணப் பறிப்பு, கம்ப்யூட்டர் வழிப் பயங்கரவாதம் ஆகிய பிரிவுகளில் டெல்லி போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்.

பாராளுமன்றத்தில் மத்திய அரசு பிறகு கணக்குச் சொன்னது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளி பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் போன்ற பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வர 2 வாரம் ஆனது.

எப்படிப் புகுந்தார்கள்? கம்ப்யூட்டர் வலை சரியாகப் பிரிக்கப்படவில்லை என்பதே அரசு சொன்ன காரணம். ஒரு வீட்டில் வாசல் கதவு மட்டும் இருக்கிறது. உள்ளே எந்த அறைக்கும் கதவு இல்லை. திருடன் வாசலைத் தாண்டிவிட்டால் பூஜை அறை முதல் சமையல் அறை வரை அவன் ராஜ்ஜியம்தான். அந்தக் கதைதான் இது.

காப்பாற்றியது எது?

ஒரே ஒரு விஷயம். வேறொரு சர்வரில் நகல் இருந்தது. திருடர்கள் கை அதன்மேல் படவில்லை. அதிலிருந்து தகவல்களை எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

அந்த நகலும் போயிருந்தால்? இருதய நோயாளிக்குப் போன மாதம் எந்த மாத்திரை எழுதினார்கள், புற்றுநோயாளிக்கு எத்தனை ஊசி போட்டார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே நோயாளியின் பைலை எங்கே வைப்பது என்பது ஆபீஸ் சமாசாரம் இல்லை. அது வைத்தியத்தைச் சேர்ந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஜெனரேட்டர் எப்படியோ, பைலுக்குப் பத்திரமான கிடங்கு அப்படி.

ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் இதை முடிவு செய்வது யார்? நாற்காலி, மின்விசிறி வாங்கும் அதே மேஜை. குறைந்த ரேட் கொடுத்தவருக்கு ஆர்டர்!

மானமும் போகும்

பைல் பூட்டப்பட்டால் வைத்தியம் நிற்கும். பைல் வெளியே போனால் மானம் போகும்.

பின்லாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ‘வஸ்டாமோ’ என்ற மனநல வைத்திய நிறுவனம் இருந்தது. நோயாளிகள் டாக்டரிடம் அழுது சொன்ன குடும்ப ரகசியம் எல்லாம் அதன் கம்ப்யூட்டரில் இருந்தது. காவல் சரியில்லை. ஆசாமி உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

2020 செப்டம்பரில் பறிப்பு ஆரம்பம். முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். கிடைக்கவில்லை. அடுத்து நோயாளிகளுக்கே கடிதம் பறந்தது. “200 யூரோ கொடு. இல்லாவிட்டால் உன் ரகசியம் ஊருக்குத் தெரியும்!” பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். அடுத்த வருஷமே நிறுவனம் திவால். 2024-ல் அந்நாட்டுக் கோர்ட்டு ஒரு வாலிபருக்கு 6 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை விதித்தது.

தண்டனை கொடுத்தாயிற்று. வெளியே போன ரகசியம் திரும்பி வருமா? பாஸ்வேர்டு திருடு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். வந்த வியாதியை மாற்றி எழுத முடியாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கும், வேலைக்கு மனுப் போட்டவருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சொந்த அறையா, வாடகைக் கிடங்கா?

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். “சர்வர் நம்ம கட்டடத்திலேயே இருக்கட்டும், கண் முன்னால் இருந்தால்தான் பத்திரம்” என்பது ஒரு கட்சி. “கிளவுடில் போட்டுவிட்டால் தலைவலி விட்டது” என்பது இன்னொரு கட்சி.

‘கிளவுட்’ என்றால் மேகத்தில் ஒன்றும் இல்லை. வேறொரு கம்பெனியின் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். மாதா மாதம் வாடகை. அவ்வளவே.

இரண்டிலும் நல்லது உண்டு, ஓட்டையும் உண்டு. சொந்த அறை என்றால் ஏ.சி. ஓட வேண்டும், கரண்டு நிற்கக் கூடாது, விஷயம் தெரிந்த ஆள் ராத்திரியிலும் இருக்க வேண்டும். தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே சர்வரை வைத்தால் என்ன ஆகும் என்பதை, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக் கிடங்கில் கட்டடமும் கரண்டும் கம்பெனிக்காரர் பொறுப்பு. ஆனால் எந்த ஊழியர் எந்தப் பைலைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பது ஆஸ்பத்திரியின் வேலை. லாக்கர் கொடுப்பவர் பேங்க்காரர். சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால் பேங்க்காரர் என்ன செய்வார்?

எங்கே வைப்பது என்பதைவிட எப்படி வைப்பது என்பதுதான் முக்கியம். ஆர்டர் கொடுக்கும் முன் 5 கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

ஐந்து கேள்விகள்

ஒன்று: நகல் எத்தனை, எங்கே?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு 3-2-1. பைல் மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு நகல் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் அசலைப் பூட்டுகிறவன் அதே கையோடு நகலையும் பூட்டுவான். நகல் இருந்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது ஏற்றிப் பார்க்க வேண்டும். தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு, அதில் வாயு இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதில் என்ன பிரயோஜனம்?

இரண்டு: பைல் சங்கேத எழுத்தில் இருக்கிறதா? சாவி யார் கையில்?

தகவலைப் புரியாத எழுத்தாக மாற்றி வைத்தால், திருடு போனாலும் திருடனுக்கு அது கிறுக்கல்தான். ஆனால் மாற்றிப் படிக்கும் சாவியை அதே சர்வரில் வைக்கக் கூடாது. பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பீரோ மேலேயே வைத்த கதையாகிவிடும்.

மூன்று: உள்ளே வர இரண்டாவது பூட்டு உண்டா?

அமெரிக்காவில் ‘சேஞ்ச் ஹெல்த்கேர்’ என்ற கம்பெனி ஆஸ்பத்திரி பில், இன்சூரன்சு கணக்குகளைக் கையாளுகிறது. 2024 பிப்ரவரியில் திருடர்கள் அதற்குள் புகுந்தார்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலில் பாஸ்வேர்டு மட்டும்தான் இருந்தது. போனுக்கு வரும் எண் மாதிரியான இரண்டாவது சோதனை இல்லை. சுமார் 19 கோடி பேருடைய விவரம் சிக்கியது. 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பம் கட்டினார்கள். அதன் பிறகும் இன்னொரு கும்பல், “தகவல் எங்களிடம் இருக்கிறது” என்று கை நீட்டியது. திருடனிடம் ரசீது வாங்க முடியுமா?

நான்கு: யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று பதிவு ஆகிறதா? அதை யாராவது பார்க்கிறாரா?

சிங்கப்பூரில் 2018-ல் ‘சிங்ஹெல்த்’ ஆஸ்பத்திரிகளின் கிடங்கிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவு போனது. அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் மருந்து விவரத்தையும் குறிவைத்து எடுத்தார்கள்! வினோதம் நடக்கிறது என்று சில ஊழியர்களுக்கு முன்பே தெரிந்தது. ஆனால் மேலிடத்துக்கு உடனே தகவல் போகவில்லை. விசாரணையில் இது வெளிவந்தது. மொத்தம் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விழுந்தது.

ஐந்து: பழைய ஓட்டைகளை அடைப்பது யார்? ஒப்பந்தம் முடிந்தால் பைல் எப்படித் திரும்ப வரும்?

2017 மே 12-ந் தேதி ‘வான்னகிரை’ என்ற வைரஸ் உலகம் பூராவும் ஆடியது. இங்கிலாந்தில் சுமார் 19 ஆயிரம் நோயாளிகளின் டாக்டர் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் அகப்பட்டார்கள். ஆகவே யார் போட வேண்டும், எத்தனை நாளில் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கம்பெனியை மாற்றும்போது பைலை முழுசாகத் திருப்பித் தந்துவிட்டு, தன்னிடம் உள்ளதை அழிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

சிலர் ‘ஐ.எஸ்.ஓ. 27001’ சான்றிதழைக் காட்டி வாயை அடைப்பார்கள். நல்ல சான்றிதழ்தான். ஆனால் அது எந்தக் கட்டடத்துக்கு, எந்தச் சேவைக்குக் கொடுத்தது என்று படித்துப் பார்க்க வேண்டும். தலைமை ஆபீசுக்கு வாங்கிய சான்றிதழ், கிடங்குக்குக் காவல் நிற்காது.

சட்டம் வந்துவிட்டது

“இதெல்லாம் பெரிய ஊர் சமாசாரம்” என்று இனி யாரும் தப்ப முடியாது. தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சங்கேத எழுத்து, யார் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு, திறந்ததற்குப் பதிவு, நகல், கம்பெனியோடு ஒப்பந்தம் எல்லாம் விதியிலேயே இருக்கின்றன. பதிவுகளை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்! தகவல் கசிந்ததைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை! கிடங்குக் கம்பெனி தவறு செய்தாலும், நோயாளிக்குப் பொறுப்பு ஆஸ்பத்திரிதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதி வைத்தாலும் அது மாறாது.

ஆஸ்பத்திரிகள் தயாராவதற்கு, விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கடைசி நாள் வரை காத்திருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம்தான் அவகாசம் கொடுத்தது. திருடன் கொடுக்கவில்லை.

இன்னொரு உத்தரவு 2022-லேயே வந்தது. சர்வரில் இந்த மாதிரித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று கப்சிப் என்று இருக்க முடியாது.

சின்ன கிளினிக் என்ன செய்யும்?

“ஒரு டாக்டர், ஒரு நர்சு. இத்தனை செலவுக்கு எங்கே போவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் பாதி வேலைக்குக் காசே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதை நிறுத்தலாம். வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே எடுத்துவிடலாம். ஸ்கேன் படத்தை ஊழியரின் சொந்தப் போனில் வாங்கி அனுப்பும் பழக்கத்தை விடலாம். வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் சங்கேத எழுத்தில் நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் வைக்கலாம்.

மற்றதற்கு அரசு கை கொடுக்க வேண்டும். அரசு ஆபீசுகள் பயன்படுத்துவதற்காக, சோதித்துத் தேர்ந்த கிளவுட் கம்பெனிகளின் பட்டியலை மத்திய மின்னணு அமைச்சகம் வைத்திருக்கிறது. சின்ன கிளினிக்குகள் பத்து இருபது சேர்ந்து, அதே தரத்தில் கூட்டாக இடம் பிடிக்க வழி செய்யலாம். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுக்கலாம். அபராதத் தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், சின்ன டாக்டர் பயந்து பைலையே வைக்காமல் விட்டுவிடுவார். அது நோயாளிக்கு இன்னும் ஆபத்து.

கேட்க உரிமை உண்டு

நோயாளிக்கும் வேலை இருக்கிறது. தன் வைத்திய விவரத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. கேட்டு வாங்கி வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் கைப்பிரதி பேசும்.

அட்மிஷன் கவுண்டரில் ரூம் வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். “என் பைல் எங்கே இருக்கும்? யார் யார் பார்ப்பார்கள்?” என்றும் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கிளார்க் மேனேஜரிடம் போவார். நூறு பேர் கேட்டால் மேனேஜர் முதலாளியிடம் போவார். அடுத்த ஆர்டர் நாற்காலி வாங்கும் மேஜைக்குப் போகாது.